புள்ளி நிறைய வாங்கிய பிளேடு

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் புள்ளியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. ஒரு ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு ஓரத்தில் கருவிகளை ஆவியில் வேகவைக்கும் இயந்திரம், நடுவில் தகரம் அடித்த மேஜை. அதுதான் அவளுடைய ராஜ்யம். தியேட்டரிலிருந்து கத்தரியும் கொக்கியும் ஊசிப் பிடியும் பிளேடுமாக வருவதையெல்லாம் கழுவித் துடைத்து, ஆவியில் வைத்து, துணியில் சுற்றி மறுபடி உள்ளே அனுப்புவாள். ஆபரேஷன் நடக்கும்போது டாக்டரின் வலது கைப் பக்கம் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாயில்தான் நெருப்பு. யாராவது ஒரு கொக்கியைத் தட்டில் சத்தம் வரும்படி போட்டுவிட்டால் போதும், அது என்ன வேலிக் கம்பியா என்று கேட்பாள். பெரிய டாக்டருக்கும் அதே கேள்விதான். அவரும் வாயை மூடிக்கொண்டு அடுத்த தடவை மெதுவாக வைப்பார்.

கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. நடக்கவில்லையே என்று அவள் மூலையில் உட்கார்ந்து அழுததும் இல்லை. அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது தம்பி கால்சட்டை போடுகிற வயதில் இருந்தான். அவனை வளர்த்து, வேலைக்கு அனுப்பி, ஒருத்தியைக் கட்டி வைத்து, அவர்களோடேயே ஒரே வீட்டில் இருந்துவிட்டாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர். அதை அவள் ஒளித்து வைத்ததும் கிடையாது.

புள்ளிக் கதைக்கு வருகிறேன். கருவிழி கெட்டுப்போனவர்களுக்கு, இறந்தவர் ஒருவர் தானமாகக் கொடுத்த கருவிழியை வைத்துத் தைப்பார்கள். நோயாளியின் கண்ணில் கெட்ட பகுதியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, அதே வட்டத்துக்கு இந்த நல்லதைப் பொருத்த வேண்டும். நகத்தின் கனம்கூட இருக்குமோ இருக்காதோ, அவ்வளவு மெல்லிய பொருள். அதை வெட்டுகிற பிளேடும் வட்டமாக இருக்கும். சின்னக் குழாய் ஒன்றின் வாயைத் தீட்டி வைத்த மாதிரி. கண்ணின் மேல் நிறுத்தி லேசாகத் திருக வேண்டும். அந்தப் பிளேடு வருகிற பாக்கெட்டில், ஒரு முறை மட்டும் பயன்படுத்தவும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? ஸ்டோருக்கு வருகிற பிளேடு கொஞ்சம், வரிசையில் நிற்கிற கண்கள் ஏராளம். கழுவி, ஆவியில் வைத்து, திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு நம்பிக்கையும் வந்து ஒட்டிக்கொண்டது. எப்போதோ ஒரு காலத்தில் பெரிய டாக்டர் பாக்கெட்டிலிருந்து பிரித்த புதுப் பிளேடை வைத்துத் திருகப்போய், அது பட்டென்று ஆழமாக இறங்கி உள்ளே இருந்த லென்ஸைக் கிழித்துவிட்டது. அன்றிலிருந்து அவர், புதுசு கடிக்கும், பழகினதாக ஒன்று கொடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார். டாக்டர் சொன்னால் தியேட்டருக்கே வேதம். புதுசு கடிக்கும், பழகினது சொன்ன பேச்சு கேட்கும். எல்லாரும் அப்படியே பேசிக்கொண்டார்கள்.

எது நன்றாகப் பழகியது என்று கண்டுபிடிக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒவ்வொரு பிளேடுக்கும் தனியாக ஒரு சின்னத் தகர டப்பி. ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் கட்டைப் பிரித்து, டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்து, நல்லா ஒட்டியிருக்கு என்று சொல்லிவிட்டால், அந்தக் கண்ணை வெட்டிய பிளேடின் டப்பி மூடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பாள். தன் விரலுக்கு ஒரு நாளும் பூசிக்கொள்ளாதவள், அந்த நகப்பூச்சுப் பாட்டிலை மட்டும் தீரத் தீர வாங்கி வைத்தாள். ஒரு டப்பியின் மூடியில் புள்ளி வைக்கவே இடம் இல்லாமல் போய்விட்டது. அதற்கு ராசி டப்பி என்று பெயர்.

அக்கவுண்டன்டின் மாமியார், வாசல் காவல்காரரின் மனைவி, சமையலறையில் வேலை செய்கிறவளின் அண்ணன் என்று ஆஸ்பத்திரிக்கு வேண்டியவர்கள் யாராவது ஆபரேஷனுக்கு வந்தால், முதல் நாளே அவளிடம் வந்து காதைக் கடிப்பார்கள். நம்ம வீட்டு ஆளு, கொஞ்சம் பார்த்துக்கங்க அக்கா என்பார்கள். அவளும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ராசி டப்பியை எடுத்து வைப்பாள். அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு மேல் ஒரு சலுகை கிடையாது. யாருக்கும் வேண்டாத புதுப் பிளேடு, கேட்க நாதியில்லாமல் வந்து படுத்த யாரோ ஒருவருக்குப் போகும். ஐயோ பாவம், இவருக்குப் புதுசுதான் கிடைத்தது என்று அவள் மனதுக்குள் இரக்கப்படவும் செய்வாள்.

புள்ளி அதிகம் என்றால் வெட்டிய கண்ணும் அதிகம், வெட்டிய கண் அதிகம் என்றால் முனை தேய்ந்திருக்கும். சின்னக் குழந்தைக்கும் தெரிகிற கணக்கு. கேட்டால் சிரிப்பு வருகிறது இல்லையா? ஆனால் அவளை மட்டும் முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. மறுநாள் காலையில் கட்டைப் பிரிக்கும்போது ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியும். ஒட்டியது கோணலாக ஒட்டியிருக்கிறதா என்பது, மாதக்கணக்கில் கழித்துத் தையல் பிரித்த பிறகுதான் தெரியும். அதற்குள் நோயாளி, வந்து காட்டிவிட்டுப் போகிறவர்களுக்கான வெளிப்பிரிவுக்குப் போய்விடுவார். அங்கே வேறு டாக்டர், வேறு கூட்டம், வேறு வாசல். கோணலாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர் அந்த வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்களோ, ஒருவரும் அவளுடைய ஜன்னலில்லாத அறைக்கு வந்து சொல்லவில்லை.

தம்பி பஸ் ஓட்டினான். டிப்போவில் அவனுக்குப் பைலட் என்று பட்டப் பெயர். வண்டியை எடுத்தால் நிற்கிற ஆள் கம்பியைப் பிடிக்க வேண்டாம், அவ்வளவு நிதானம். வீட்டில் அதற்கு நேர்மாறு, வாய் ஓயாது. அக்காவின் கோபத்தைக் கிண்டல் பண்ணக்கூடிய ஒரே ஆள் அவன்தான். அவள் ஒரு சத்தம் போட்டால், பின்னாடி வர்ற வண்டிக்கு வழி விடுங்கப்பா என்பான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அவனுக்குக் கண்ணில் கோளாறு மெதுவாக வந்தது. கருவிழி முன்பக்கமாகக் கூம்பிக்கொண்டே போகிற வியாதி. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். கடைசியில் டிப்போவில் வருஷாவருஷம் நடக்கும் கண் பரிசோதனையில் அவனை ஓட்டக் கூடாது என்று இறக்கிவிட்டார்கள். வலது கண் ரொம்ப மோசம், முதலில் அதற்குக் கருவிழி மாற்ற வேண்டும், சரியாக வந்தால் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். அதுவரை வண்டி கழுவுகிற இடத்தில் வேலை. தான் ஓட்டிய வண்டியையே குழாயை வைத்துக் கழுவிக்கொண்டு, இது என்கிட்ட ரொம்ப அழுக்கா வருது, புது டிரைவர் சரியில்ல என்று சிரித்துக்கொண்டே சொல்வான். வீட்டுக்கு வந்து குளித்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

புள்ளியக்கா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். ராசி டப்பியைக் கடைசி அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். யார் வந்து கேட்டாலும், அது ஆவியில் இருக்கு, வேறு எடுத்துக்கொள் என்று கூசாமல் பொய் சொன்னாள். தம்பிக்குக் கருவிழி கிடைக்கிற வரைக்கும் ஒரு ஈ எறும்பை அதன் பக்கம் அண்ட விடவில்லை. வீட்டில், உனக்கென்று ராசி டப்பியை எடுத்து வைத்திருக்கிறேன் என்று தம்பியிடம் பெருமையாகச் சொன்னாள்.

தம்பி மனைவி அதிகம் பேசாதவள். வெளிப்பிரிவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, புது பிளேடு வெளியில விக்குதாமே அண்ணி, நாங்களே ஒண்ணு வாங்கித் தரட்டுமா என்று கேட்டாள். அவ்வளவுதான். புள்ளியக்கா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். தியேட்டரில் நிற்பது நீயா நானா, இத்தனை வருஷம் நான் என்ன அங்கே பாத்திரமா தேய்த்தேன், என் தம்பிக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியாதா, யாரோ வழியில் போகிறவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்து எனக்கே பாடம் எடுக்கிறாயா. தம்பி மனைவி தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு நாள் தகவல் வந்தது. இறந்துபோன ஒருவரின் இரண்டு கருவிழிகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று தம்பிக்கு, இன்னொன்று வரிசையில் அடுத்து இருந்த ஒரு இஸ்திரிக் கடைக்காரருக்கு. ஒரே நாளில் ஒருவர் பின் ஒருவராக இரண்டு ஆபரேஷன். தம்பிக்கு ராசி டப்பி. இஸ்திரிக் கடைக்காரருக்கு அன்றைக்குப் பழகினது எதுவும் கைக்கு வரவில்லை. மற்ற டப்பிகள் எல்லாம் இயந்திரத்துக்குள் இருந்தன. புதுப் பாக்கெட்டைப் பிரித்தார்கள்.

தம்பியின் கண்ணில் பிளேடை வைத்துப் பெரிய டாக்டர் திருகியபோது, வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திருகினார். எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்து அழுத்தினார். ஒரு பக்கம் வெட்டு விழாமல் நின்றதைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். நம்ம ஆள் என்பதால் டாக்டர் பார்த்துப் பார்த்துச் செய்கிறார் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்து இஸ்திரிக் கடைக்காரருக்கு அவர் ஒரே மூச்சில் திருகி எடுத்தார். அங்கே என்னவோ அவசரம் காட்டுகிறாரே என்று பட்டது.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்து, நல்லா ஒட்டியிருக்கு என்றார். தம்பி கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்து, என்னக்கா, தலையெல்லாம் இவ்வளவு நரைச்சுப் போச்சு, சொல்லவே இல்ல என்றான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னறைக்கு ஓடிப்போய், மூடியில் இடமே இல்லாத அந்த டப்பியின் பக்கவாட்டில் ஒரு பெரிய புள்ளியாக வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. முதலில் எல்லாம் கொஞ்சம் மங்கல்தான், தையல் இருக்கிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். தையலைப் பிரித்தார்கள். மங்கல் போயிற்று, கோணல் வந்தது. தெருவிளக்கு ஒன்றாக இல்லாமல் கொத்தாகத் தெரிந்தது. ஆள் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தெரிந்தது. அளந்து பார்த்தால், தைத்த கருவிழி சுத்தமான கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனால் வளைந்த கண்ணாடி. கோணலை அளக்கிற சிலிண்டர் பவர் ஏகத்துக்கு ஏறியிருந்தது. எந்தக் கண்ணாடியும் அதைச் சரி பண்ணவில்லை. காண்டாக்ட் லென்ஸ் அந்த மேடு பள்ளத்தில் உட்கார மாட்டேன் என்று வழுக்கி வழுக்கி விழுந்தது. அதே கருவிழியின் ஓரத்தைக் கீறி மறுபடி தைத்துப் பார்த்தார்கள், இன்னும் மோசமாகத்தான் போயிற்று. டிப்போவில் அவனை நிரந்தரமாக வண்டி கழுவுகிற இடத்தில் போட்டார்கள். வண்டிகள் ரிவர்ஸில் வரும்போது எது நிஜ வண்டி, எது கண்ணுக்கு மட்டும் தெரிகிற வண்டி என்று தெரியாமல் அவன் சுவரோடு ஒட்டி நிற்பதை ஒரு நாள் அவள் பார்த்துவிட்டாள்.

இஸ்திரிக் கடைக்காரர் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பின்னறையைத் தேடிக்கொண்டு வந்து அவளுக்கு வணக்கம் சொன்னார். சட்டைக் காலரில் ஒட்டியிருக்கிற ஒற்றை நூல்கூடத் தெரிகிறதாம். ஊசியில் நூலைத் தானே கோக்கிறாராம். நல்லா இருங்க என்று அவள் சொன்னாள். அவருக்கு வந்த அதிர்ஷ்டம் என் தம்பிக்கு வரக்கூடாதா என்று வயிறு எரிந்தது. ஒரே மனிதரின் இரண்டு கண்கள், ஒரே நாள், ஒரே டாக்டர். கடவுளுக்குக் கண் இல்லை என்று அன்றைக்கு முழுக்கத் திட்டித் தீர்த்தாள்.

பிறகு ஒரு கம்பெனி ஆள் வந்தான். பிளேடு விற்கிறவன். டை கட்டிக்கொண்டு, ஒரு பெட்டிக்குள் சின்ன மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு, கூட்ட அறையில் இருந்த டிவியில் அதை மாட்டினான். டாக்டர்கள், சிஸ்டர்கள், ஸ்டோர்காரர் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். விற்கிறவன் பேச்சு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்று அவள் கையைக் கட்டிக்கொண்டு கடைசியில் நின்றாள். அவன் முதலில் ஒரு புதுப் பிளேடைக் காட்டினான். டிவியில் அதன் முனை, கோடு போட்டது போல் வழவழவென்று தெரிந்தது. அடுத்து, உங்களிடம் இருப்பதிலேயே நல்ல பிளேடு எதுவோ அதைக் கொடுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றான்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் விறுவிறுவென்று போய் ராசி டப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். இப்ப மூஞ்சிய எங்க வெச்சுக்கிறான்னு பாருங்க என்று பக்கத்தில் இருந்த சிஸ்டரிடம் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

டிவியில் அது பெரிதாக வந்தது. முனை என்று ஒன்றே இல்லை. கையால் கிழித்த காகிதத்தின் ஓரம் மாதிரி இருந்தது. சில இடங்களில் இரும்பு மடங்கிச் சுருண்டிருந்தது, ஒரு இடத்தில் பெயர்ந்தே போயிருந்தது. கம்பெனி ஆள் வெற்றியோடு பேசவில்லை. அவனுக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. "இது வெட்டாதுங்க, அமுக்கும். அமுக்கினா கருவிழி நசுங்கி ஒரு பக்கம் சாயும். வட்டமா வர வேண்டியது கோணலா வரும். அதுக்குள்ள புதுசை வெச்சு இழுத்துத் தைச்சா, அதுவும் அந்தக் கோணலுக்குத்தான் வளையும்," என்றான். பிறகு டப்பியைத் திருப்பிப் பார்த்து, இந்தச் சிவப்புப் புள்ளியெல்லாம் என்ன என்று கேட்டான்.

அவள் டப்பியைக் கையில் வாங்கிக்கொண்டாள். டாக்டர் கூடுதலாகத் திருகியது, மறுபடி வைத்து அழுத்தியது, கத்தரியை எடுத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. துணிக்குப் பின்னால் ஒளித்து வைத்து, ஊர் உலகத்திடம் பொய் சொல்லி, தம்பிக்கென்று பொத்திப் பொத்திக் காப்பாற்றியது இதைத்தானா! யார் யாருக்கோ நல்லது போக, அவள் தன் கையாலேயே பொறுக்கி எடுத்து இதை அவன் கண்ணில் வைக்கக் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் லிஃப்ட் பக்கத்தில் பெரிய டாக்டரைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள். தம்பிக்கு அதனால்தானா? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுதான்னு சொல்ல முடியாதும்மா. ஆறுறதுல கோணலாகும், தையல்ல கோணலாகும், பத்துக் காரணம் இருக்கு. அதுவா இருக்கலாம்," என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். ஆமாம் என்றிருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். லிஃப்ட் வந்தது, அவர் போய்விட்டார்.

ராசி டப்பியை அன்றே குப்பையில் போட்டாள். மற்ற டப்பிகளையும் வாரிப் போட்டாள். கொஞ்ச காலம் புதுப் பிளேடு வந்தது. பிறகு பழையபடி ஸ்டோர்காரர் கையை விரித்தார். குப்பைக்குப் போன டப்பிகளுக்குப் பதிலாக வேறு டப்பிகள் வந்தன. அவள் புள்ளி வைப்பதை விட்டுவிட்டாள். இன்னொரு சிஸ்டர் வைக்க ஆரம்பித்தாள். வேண்டாம், அது ராசி இல்லை, தேய்மானம் என்று இவள் தொண்டை வற்றக் கத்தினாள். நீங்கதானேக்கா சொல்லிக் குடுத்தீங்க என்றார்கள். தம்பி விஷயத்தில் மனசு உடைந்து பேசுகிறாள் என்று அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்கள். நோயாளிகளுக்குப் பரிந்து அவள் போட்ட சண்டையில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அவள் நிற்கிற ஆபரேஷனுக்குப் புதுப் பாக்கெட் இருந்தால் அதைப் பிரிப்பார்கள். பெரும்பாலும் இருக்காது.

வீட்டில் மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. நெருப்பைக் கக்குகிற அந்த வாய்க்கு இது ஒன்று வரவில்லை. தம்பியின் இடது கண்ணும் கூம்பிக்கொண்டே போனது. அதற்கும் பெயர் கொடுத்து வைத்திருந்தார்கள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவன் பால்கனியில் உட்கார்ந்திருந்தான். தெருவில் போகிற பஸ்ஸை இப்போதெல்லாம் காதால்தான் பார்ப்பான். இதுக்குக் கிளட்ச் தேயுது, யாரும் கவனிக்கல என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கருவிழி ஒன்று வந்திருக்கிறது, வரிசையில் தம்பி பெயர்தான் முதலில், நாளைக் காலையில் அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள் அக்கா என்றார்கள். அவள் போனை வைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினாள். அவன் விஷயத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"அந்த டப்பியையே எடுத்து வெச்சுடுக்கா," என்றான். "போன தடவை ஆனது என் தலையெழுத்து. அதுக்கு உன் ராசி என்ன பண்ணும்?"

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி தலையைத் தூக்கினாள்.

"அந்த டப்பிதான்டா உன் கண்ணக் கெடுத்துச்சு," என்றாள் புள்ளியக்கா.

சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்தவில்லை. டிவியில் பார்த்தது, கிழிந்த காகிதம் மாதிரி இருந்த முனை, டாக்டர் அழுத்தி அழுத்தித் திருகியது, தான் துணிக்குப் பின்னால் ஒளித்து வைத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்ல முடியாதும்மா என்று டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் தனக்கு ஒதுங்கிக்கொள்ள ஒரு இடம் கிடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

தம்பி மனைவி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, "நான் கேட்டேன் அண்ணி. புதுசு வாங்கித் தரட்டுமான்னு கேட்டேன்," என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"கேட்ட. நான்தான் உன் வாய அடைச்சேன்."

தம்பி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். இந்தத் தடவை புதுசை நானே வாங்குகிறேன், பாக்கெட்டைப் பிரிக்காமல் உன் கையிலேயே கொடுக்கிறேன், நீயே தடவிப் பார்த்துக் கொடு, அதற்குப் பிறகுதான் டாக்டர் கையில் போகும் என்று கெஞ்சினாள். பிறந்ததிலிருந்து அவள் யாரிடமும் கெஞ்சியது கிடையாது.

"வேணாங்கா," என்றான். "எனக்குப் பயமா இருக்கு. இந்தக் கண்ணுல ஏதோ கொஞ்சம் தெரியுது. இது போதும்."

பிறகு, "அப்ப புதுசெல்லாம் யாருக்குத்தான் போச்சு?" என்று கேட்டான்.

"யார் யாருக்கோ. யாருன்னே தெரியாதவங்களுக்கு. அந்த இஸ்திரிக் கடைக்காரருக்கு."

அவன் சிரித்தான். பஸ்ஸில், டிப்போவில், வீட்டில் எல்லாரையும் சிரிக்க வைக்கிற அதே சிரிப்பு.

"அவருக்கு அங்க அக்கா இல்ல. தப்பிச்சுட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான். தம்பி மனைவி எழுந்து வந்து, அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வாசற்படியில் கால் இடறியதும் இரண்டு பேரும் கொஞ்சம் நின்று, பிறகு போனார்கள்.

கருவிழி காத்திருக்காது; வேண்டாம் என்றால் உடனே சொல்லிவிட வேண்டும். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தம்பி வரவில்லை, வரிசையில் அடுத்து யார் இருக்கிறார்களோ அவர்களைக் கூப்பிடுங்கள் என்றாள். எதிர்முனையில் இருந்த சிஸ்டர் பெயரைத் தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டு, நமக்கு வேண்டியவங்களாக்கா, புள்ளி டப்பி எடுத்து வெக்கணுமா என்று கேட்டாள்.

"இல்ல, யாரோ தெரியாதவங்க," என்றாள் புள்ளியக்கா. "புதுசு இருந்தா புதுசையே போடு."